மூச்சால் பேசும் பேச்சு

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ‘விஸ்பர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை மிகுதியாக இருந்ததால், இந்தப் பக்கங்களை அந்தச் சொல்லுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் ஓர் ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘விஸ்பர்’ வரும் இடமெல்லாம் ‘கிசுகிசுத்தாள்’ என்று எழுதினேன். கைப்பிரதியைப் படித்த நண்பர், கிசுகிசு என்றால் வம்பு என்ற பொருள் வந்துவிடும், ‘முணுமுணுத்தாள்’ என்று மாற்றுங்கள் என்கிறார். எது சரி?

பதில்: நண்பரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அவர் தரும் மாற்றுச் சொல்லில் இல்லை. குறைந்த ஒலியில் பேசுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் விஸ்பர், மர்மர், மட்டர், மம்பிள் என்று நான்கு சொற்கள் அடிக்கடி வருகின்றன. நான்கும் ஒலி குறைந்த பேச்சுதான் என்றாலும், ஒன்றிருக்கும் இடத்தில் இன்னொன்றை வைத்தால் காட்சியே மாறிவிடும். மர்மர் என்பது குரலோடு கூடிய மெல்லிய பேச்சு. தாலாட்டுபவளும் செய்வாள், தூக்கக் கலக்கத்தில் இருப்பவனும் செய்வான். மட்டர் என்பதில் எரிச்சலோ மனக்குறையோ கலந்திருக்கும். பேசுபவர் தனக்குத்தானே பேசிக்கொள்வார், பிறர் காதில் விழுந்தாலும் சரி என்ற வீம்பும் அதில் கொஞ்சம் உண்டு. மம்பிள் என்பது வாயைச் சரியாகத் திறக்காமல் சொற்களை விழுங்கிவிடும் பேச்சு. கூச்சத்தால் நேரலாம், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதாலும் நேரலாம். நம் ‘முணுமுணு’ என்ற சொல் மர்மர், மட்டர் இரண்டையும் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டிருப்பதோடு, வாய்க்குள் பாடுவதையும் சேர்த்தே குறிக்கிறது. ஆனால் அது விஸ்பர் அன்று.

விஸ்பர் என்பதன் அடையாளம் ஒலி குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் அடையாளம் குரல் இல்லாமை. குரல் முற்றிலும் விலகி, மூச்சு மட்டும் நின்று, அந்த மூச்சையே நாவும் இதழும் சொற்களாக வடிக்கும் பேச்சு அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். இருவர் மறைவாகப் பேசிக்கொள்ளும் காட்சியில் ‘குசுகுசுத்தார்கள்’, ‘கிசுகிசுத்தார்கள்’ என்று தாராளமாக எழுதலாம். சாகக் கிடப்பவர் கடைசியாக ஒரு பெயரைச் சொல்லும் இடத்தில் அவ்விரண்டும் கேலியாகிவிடும். அங்கே ‘மூச்சோடு மூச்சாகச் சொன்னார்’ என்பது போல எழுதுவதே முறை. காதலி காதில் சொல்வதற்கு ‘காதோடு சொன்னாள்’ போதும். கூட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம்மிடம் எதையோ சொல்லி வைப்பதற்குக் ‘காதைக் கடித்தார்’ என்ற அருமையான வழக்கு இருக்கிறது. அதை ஏன் எழுத்தில் இவ்வளவு அரிதாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

நாவல் முழுவதும் ஒரே சொல்லை ஒரே சொல்லால் பெயர்ப்பதுதான் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் ஐந்து வேலை செய்தால், தமிழில் அந்த வேலைகளுக்கு ஐந்து பேரை அமர்த்தத்தான் வேண்டும்.

கேள்வி: குரல் இல்லாமல் பேச்சு எப்படி வரும்? தொண்டை கட்டியிருந்தபோது மெதுவாகக் குசுகுசுத்துப் பேசினேன். அப்படிப் பேசாதீர்கள், அது தொண்டைக்கு நல்லதில்லை என்றார் மருத்துவர். விந்தையாக இருந்தது.

பதில்: தொண்டையின் முன்புறம் விரலை வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும். குரல்வளையில் உள்ள இரண்டு குரல்நாண்கள் நெருங்கி நின்று, நுரையீரலிலிருந்து வரும் காற்றில் நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை அதிர்வதால் வருவது அது. இப்போது அதே ‘ஆ’வைக் குசுகுசுப்பாகச் சொல்லுங்கள், விரலுக்கு எதுவும் தெரியாது. நாண்கள் நெருங்கினாலும் அதிர்வதில்லை. பின்பக்கம் ஒரு சிறு திறப்பு விட்டு நிற்க, அதன் வழியே காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சீற்றத்தை வாயும் நாவும் வடிவமைப்பதால், குரல் இல்லாவிட்டாலும் சொல் கேட்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் இயல்பான பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் என்றால் குசுகுசுப்பு 30 டெசிபெல் அளவில் இருக்கும்; அதாவது ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

குரல் போய்விட்டால் அதோடு போவது ஒலியின் அளவு மட்டுமில்லை. சுருதி போய்விடும், அதனால் மூச்சுப் பேச்சில் பாட முடியாது, முயன்றால் தாளமும் சொல்லும் வரும், சுவரம் வராது. பேசுபவர் யார் என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும், ஏனெனில் ஆளை அடையாளம் காட்டுவதில் குரலின் சுருதிக்குப் பெரிய பங்கு உண்டு. மிரட்டல் தொலைபேசிகளில் குரலை மறைக்க நினைப்பவர்கள் இந்த வழியை நாடுவது இதனால்தான். ஒலிப்புடைய மெய்க்கும் ஒலிப்பில்லாத மெய்க்கும் உள்ள வேறுபாடும் மங்கிவிடும். ஆங்கிலத்தில் மட்டைக்கான சொல்லும் தட்டிக்கொடுத்தலுக்கான சொல்லும் முதல் மெய்யில் குரல் கலந்திருக்கிறதா இல்லையா என்ற ஒன்றில்தான் வேறுபடுகின்றன. மூச்சால் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், கேட்பவர் இடம்பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தமிழுக்கு இந்த இழப்பு குறைவு. நம் சொற்களில் வல்லின மெய் எங்கே குரலோடு வரும், எங்கே குரலின்றி வரும் என்பதை அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுவதால், குரலை எடுத்துவிட்டாலும் சொல் அழிவதில்லை. கடன் சொற்களில்தான் வம்பு: இரங்கத்தக்க பாவமும் முகத்தில் காட்டும் பாவமும், பாட்டி சொல்லும் கதையும் பீமன் தூக்கும் கதையும் குசுகுசுப்பில் ஒன்றுபோலவே கேட்கும். நம் எழுத்திலும் அவை ஒன்றுதான் என்பதால் நமக்கு அது புதிதும் இல்லை.

உங்கள் மருத்துவர் சொன்னது இன்று குரல் மருத்துவத்தில் பொதுவாகத் தரப்படும் அறிவுரை. கட்டிய தொண்டையோடு பிறருக்குக் கேட்கவேண்டும் என்று வலிந்து குசுகுசுக்கும்போது, குரல்நாண்களுக்கு மேலே உள்ள தசைகளையும் பலர் இறுக்கிவிடுகிறார்கள். ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வேலை கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை என்றாலும், பேசாமல் இருப்பது, இயலாவிட்டால் இயல்பான குரலில் கொஞ்சமாகப் பேசுவது என்பதே பாதுகாப்பான வழி.

கேள்வி: ‘ஷி விஸ்பர்டு மீ எ சீக்ரெட்’ என்று என் மகள் எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ‘ஷி டோல்டு மீ எ சீக்ரெட்’ சரியென்றால் இது எப்படித் தவறாகும்?

பதில்: ஆசிரியர் செய்தது சரி. டெல், கிவ், ஷோ போன்ற வினைகள் பெறுபவரை இடைச்சொல் இல்லாமல் நேரடியாக ஏற்கும். எப்படிப்பட்ட ஒலியில் சொல்லப்பட்டது என்பதைக் காட்டும் விஸ்பர், ஷவுட், மர்மர் போன்ற வினைகள் இன்றைய உரைநடையில் அப்படி ஏற்பதில்லை. ‘டு’ என்னும் சொல்லைக் கேட்கும். ஆகவே ‘ஷி விஸ்பர்டு எ சீக்ரெட் டு மீ’ என்பதே வடிவம். காதில் சொன்னாள் என்றால் ‘இன் மை இயர்’ அல்லது ‘இன்டு மை இயர்’. குசுகுசுப்பில் சொன்னாள் என்றால் ‘இன் எ விஸ்பர்’. அங்கே ‘வித்’ வராது.

இதோடு தொடர்புடைய இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது தமிழிலிருந்து போகும் பிழை. நம் ‘மெதுவாக’ என்ற சொல் வேகக் குறைவையும் குறிக்கும், ஒலிக் குறைவையும் குறிக்கும். குழந்தை தூங்குகிறது, மெதுவாகப் பேசு என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘ஸ்பீக் ஸ்லோலி’ என்று சொல்லும் தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலேயர் அதைக் கேட்டுவிட்டு அதே உரத்த குரலில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசத் தொடங்குவார். அங்கே வேண்டியது ‘சாஃப்ட்லி’.

கேள்வி: திரையரங்கிலும் நூலகத்திலும் எவ்வளவு மெதுவாகக் குசுகுசுத்தாலும் யாராவது திரும்பிப் பார்த்துவிடுகிறார்களே, ஏன்?

பதில்: மூச்சுப் பேச்சில் தாழ்ந்த சுருதிகள் இல்லாமல் ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற சீறொலிகளே மேலோங்கி நிற்கின்றன. அமைதியான கூடத்தில் அந்தக் கூர்மையான சீற்றம் தனித்துத் தெரியும்; என்ன சொன்னீர்கள் என்பது புரியாது, எதையோ சொன்னீர்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாயை அவர் காதருகே கொண்டுபோய், தாழ்ந்த குரலோடு, அதாவது மர்மர் முறையில், இரண்டு சொல் சொல்வது குறைவாகவே கவனத்தை ஈர்க்கும்.

கேள்வி: மருத்துவ அறிக்கையில் ‘மர்மர்’ என்று எழுதியிருந்தது. இதயம் முணுமுணுக்குமா?

பதில்: இதயத்தின் இயல்பான ‘லப்-டப்’ ஒலிகளுக்கு இடையே கேட்கும் கூடுதல் இரைச்சலுக்கு அந்தப் பெயர். தமிழ் மருத்துவ எழுத்தில் ‘இதய முணுமுணுப்பு’ என்றே வழங்குகிறது. குறுகிய வழியில் செல்லும்போதோ, சரியாக மூடாத தடுக்கிதழ் (வால்வு) வழியே பின்னோக்கிக் கசியும்போதோ குருதியோட்டம் கலங்கிச் சுழல்வதால் அது எழுகிறது. குழந்தைகள் பலருக்கு எந்த நோயும் இல்லாமலேயே இது கேட்பதுண்டு. எனவே அறிக்கையில் சொல்லைப் பார்த்ததும் அஞ்ச வேண்டாம், அது எத்தகையது என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெளியுங்கள். அதன் வலிமையை 1 முதல் 6 வரை தரப்படுத்தும் முறை 1933 முதல் இருந்துவருகிறது. ஆறாம் தரத்து முணுமுணுப்பு, ஒலிமானியை (ஸ்டெதஸ்கோப்பை) மார்பிலிருந்து சற்றே எடுத்துப் பிடித்தாலும் கேட்கும். அதற்கு மர்மர் என்ற பெயர் கொஞ்சம் அடக்கமானதுதான். சொல்லாராய்ச்சியில் நேரம் போக்குபவனுக்கு இங்கே இன்னொரு வேடிக்கையும் தென்படுகிறது. பேச்சைப் பொறுத்தவரை மர்மர் என்பது நாண் அதிரும் குரல். இதயத்தில் அது இடுக்கு வழியே சீறும் ஓட்டத்தின் இரைச்சல். இயக்கத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் மருத்துவர்கள் அதற்கு விஸ்பர் என்றல்லவா வைத்திருக்க வேண்டும்?

விஸ்பர் மருத்துவத்தில் வேறு இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. காது கேட்கும் திறனை முதல் நிலையில் சோதிக்க, மருத்துவர் நோயாளிக்குப் பின்னே ஒரு கை தொலைவில் நின்று, ஒரு காதை மறைக்கச் செய்து, எண்களையும் எழுத்துகளையும் குசுகுசுத்து, திருப்பிச் சொல்லச் சொல்வார். இன்னொன்று நுரையீரல் சோதனை: நோயாளியையே குசுகுசுக்கச் சொல்லி, முதுகில் ஒலிமானியை வைத்துக் கேட்பார். காற்று நிறைந்த நல்ல நுரையீரல் அந்தச் சொற்களை மழுக்கிவிடும். நிமோனியாவால் இறுகிய பகுதியின் மேல் வைத்தால் சொற்கள் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: செய்திகளில் ‘விஸ்பரிங் கேம்பெயின்’, ‘சைனீஸ் விஸ்பர்ஸ்’, ‘ஸ்டேஜ் விஸ்பர்’ என்றெல்லாம் வருகின்றனவே, இவற்றின் பொருள் என்ன?

பதில்: முதலாவது, ஒருவரைப் பற்றிய அவதூறை மேடையில் சொல்லாமல், அச்சிடாமல், வாய்வழியாகத் திட்டமிட்டுப் பரப்புவது. குரல் இல்லாத பேச்சில் பேசியவர் யார் என்று தெரியாது என்று முன்னர் சொன்னேனல்லவா, சொல்லின் இந்தப் பொருளும் அதிலிருந்தே கிளைக்கிறது: சொல் இருக்கும், சொன்னவர் இருக்கமாட்டார். ‘இட் இஸ் விஸ்பர்டு தட்’ என்று ஆங்கிலச் செய்தியாளர் தொடங்கினால், யார் சொன்னார் என்பதைச் சொல்லப்போவதில்லை என்று பொருள். நம் மொழியில் ‘அரசல்புரசலாகப் பேசிக்கொள்கிறார்கள்’ என்போம். கிசுகிசு என்ற சொல்லும் இதே வழியில்தான் நடந்து, ஒலியின் பெயராகப் பிறந்து பெயரில்லாத செய்தியின் பெயராகிவிட்டது. நடிகர்களின் பெயரைச் சொல்லாமல் பூடகமாக எழுதும் பத்திரிகைப் பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாராயினும் நுட்பமான காது உடையவர்.

இரண்டாவது, வரிசையாக அமர்ந்து ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குச் செய்தியைக் கடத்தி, கடைசியில் அது என்னவாகி வருகிறது என்று பார்த்துச் சிரிக்கும் விளையாட்டு. பிரிட்டனில் இந்தப் பெயர், அமெரிக்காவில் ‘டெலிபோன்’. செய்தி கைமாறிக் கைமாறித் திரிந்துபோவதற்கு உவமையாகவும் வரும். சீனர்களின் பேச்சு புரியாதது என்ற இளக்காரம் பெயரில் ஒட்டியிருப்பதாகக் கருதி இப்போது பலர் அதைத் தவிர்க்கிறார்கள், நானும் தவிர்ப்பேன்.

மூன்றாவது நாடக மேடையிலிருந்து வந்தது. மேடையில் இருக்கும் மற்றப் பாத்திரங்களுக்குக் கேட்கவில்லை என்று பாவித்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நடிகர் பேசும் ‘இரகசியம்’ அது. வாழ்க்கையில், காதில் விழவேண்டும் என்றே ஒருவர் ‘இரகசியமாக’ப் பேசுவதற்கும் சொல்வார்கள். மாமியார் மருமகள் உள்ள வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: குளிர்சாதன விளம்பரத்தில் ‘விஸ்பர் கொயட்’ என்கிறார்கள், தேர்தலில் ‘பை எ விஸ்பர்’ வென்றார் என்கிறார்கள். குதிரை பழக்குபவரை ‘ஹார்ஸ் விஸ்பரர்’ என்கிறார்கள். எல்லாம் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். மூச்சளவே உள்ளது என்பதிலிருந்து மிகச் சிறிய அளவு என்ற பொருள் கிளைத்தது. நறுமணத்தின் சாயல், வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான நூலிழை, இயந்திரத்தின் மெல்லொலி எல்லாம் அதில் அடங்கும். இலைகளும் தென்றலும் விஸ்பர் செய்வதாகக் கவிஞர்கள் எழுதுவது உவமை என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு உண்மை. இடுக்கு வழியே போகும் காற்றின் ஒலிதானே இரண்டும். குதிரைக்காரர் கதை வேறு. 1810-இல் இறந்த டேனியல் சல்லிவன் என்னும் அயர்லாந்துக்காரர், முரட்டுக் குதிரைகளைத் தனியே கொட்டிலில் வைத்து அடக்குவதில் பெயர்பெற்றவர். காதில் எதையோ ஓதுகிறார் என்று நம்பிய மக்கள் அவரை ‘விஸ்பரர்’ என்றே அழைத்தார்கள். இப்போது நாய்க்கும் குழந்தைக்கும்கூட விஸ்பரர்கள் வந்துவிட்டார்கள்.

கேள்வி: சுவரோடு பேசினால் எதிர்ச்சுவரில் கேட்கும் ‘விஸ்பரிங் கேலரி’ உண்மையில் எப்படி வேலை செய்கிறது? உரக்கப் பேசினால் இன்னும் நன்றாகக் கேட்குமா?

பதில்: லண்டன் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தை உட்புறமாகச் சுற்றி, 257 படிகள் ஏறிச் சென்றடையும் உயரத்தில், ஒரு வட்ட நடைமாடம் இருக்கிறது. அங்கே சுவரை நோக்கிக் குசுகுசுத்தால், முப்பது மீட்டருக்கும் மேல் விலகி, எதிர்ப்பக்கம் சுவரில் காது வைத்திருப்பவருக்குக் கேட்கும். 1656-இல் முடிக்கப்பட்ட, கர்நாடகத்து விஜயபுராவின் கோல் கும்பஸ் கல்லறை மாடத்திலும் இதே விந்தை உண்டு. இயற்பியலாளர் ராலே பிரபு இதற்கு விளக்கம் தந்தார்: ஒலி வெளியெங்கும் பரவிக் கரையாமல், உட்குழிந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது. சுவரை விட்டு விலகி நின்றால் கேட்காது. பின்னர் 1921-இல் சி.வி.ராமனும் பவுல் ஆலய மாடத்தை ஆராய்ந்து எழுதினார்.

உரக்கப் பேசினால் நன்றாகக் கேட்குமா என்ற கேள்வி கூர்மையானது. குறுகிய அலைநீளம் கொண்ட ஒலிகளே சுவரை நெருக்கமாக ஒட்டிச் செல்லும். குசுகுசுப்பில் இருப்பவை பெரும்பாலும் அவைதாம். உரத்த குரலின் தாழ்ந்த ஒலிகளோ மாடமெங்கும் பரவி, எதிரொலித்துக் குழம்பும். திரையரங்கில் நம்மைக் காட்டிக்கொடுத்த அதே சீற்றம் இங்கே நமக்குத் தூது போகிறது.

கேள்வி: சொல்லின் பிறப்பு என்ன? தமிழில் இதற்குப் பழைய சொல் ஏதும் உண்டா?

பதில்: பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹ்விஸ்ப்ரியன்’. சீழ்க்கையைக் குறிக்கும் ‘விசில்’ என்பதும் அதே ஒலிக்குறிப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்தில் இன்றும் நிற்கும் ‘எச்’, ஒருகாலத்தில் ஒலித்த அந்த ‘ஹ்’தான், ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சிலர் இன்னும் அதை ஒலிக்கிறார்கள்.

தமிழில், இப்பொருளுக்கென்றே வாய்த்த அழகான பெயர்ச்சொல் ஒன்று திருக்குறளின் 694-ஆம் குறளில் இருக்கிறது: செவிச்சொல். ஆட்சியில் இருப்பவர்களின் முன்னிலையில் ஒருவர் காதில் சொல்வதையும், அதோடு சேர்ந்த சிரிப்பையும் தவிர்த்துவிட வேண்டும் என்கிறது அந்தக் குறள். என்ன சொன்னார்கள் என்பது அங்கே பொருட்டே இல்லை. தன்னைப் பற்றித்தான் என்று மன்னன் நினைத்துக்கொள்வான். நம் பேச்சுவழக்கு இதை மூச்சோடு சேர்த்தே சொல்கிறது: ‘இதைப் பற்றி வெளியே மூச்சு விடாதே’. விஸ்பர் செய்யாதே என்பதை இதைவிடச் சரியாக யாரும் தமிழாக்க முடியாது. நாவலை மொழிபெயர்க்கும் வாசகருக்கு ஒரு குறிப்பு: செவிச்சொல்லை வினையாக்கிச் ‘செவிச்சொன்னாள்’ என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், அரசவைக் காட்சி ஏதேனும் உங்கள் நாவலில் வந்தால், பெயராகவே ஒருமுறை வைத்துப் பாருங்கள், பொருந்தி உட்காரும்.